கிரிவலப் பாதையில் ஒரு கத்திக் கணக்கு: 60 ரூபாயா, 450 ரூபாயா?

திருவண்ணாமலைக்குப் போய் வருகிறவர்கள் வீட்டுக்கு என்ன வாங்கி வருவார்கள்? விபூதி, குங்குமம், ருத்ராட்சம், ரமணர் படம், குழந்தைகளுக்கு ஒரு பொம்மை. ஊர் திரும்பும் பெண்கள் சிலரின் பையில் செய்தித்தாள் சுற்றிய இன்னொரு பொருளும் இருக்கும். அது ஒரு கத்தியாகவோ அரிவாள்மனையாகவோ இருக்கும்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பாத்திரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 11 நிலைகளுடன் 217 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு தேரடி வீதிக்கு வந்தால், தவலை, குத்துவிளக்கு, இட்லிப் பானை, தோசைக் கல் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கடை வாசலில் ஒரு அட்டையில் கத்திகள் தொங்கும். 40 ரூபாய்க்கும் கத்தி உண்டு, 900 ரூபாய்க்கும் உண்டு. ஒன்றில் 'ஜப்பான் ஸ்டீல்' என்று அச்சடித்திருக்கும். இன்னொன்றில் 'ஹை கார்பன்' என்றிருக்கும். பக்கத்திலேயே சுவிட்சர்லாந்து நாட்டின் விக்டோரினாக்ஸ் கத்தி பளபளப்பான அட்டைக்குள் இருக்கும்.

பிராண்டு கத்திக்குக் கொடுக்கும் காசு தகுமா? சமையலறைக்குக் கத்தி வாங்கும் எல்லோருக்கும் வரும் கேள்விதான். இதற்குப் பதில் தேட திருவண்ணாமலையைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால், பௌர்ணமி இரவில் இந்த ஊரில் வேலை பார்க்கும் கத்திகளின் எண்ணிக்கை அவ்வளவு!

ஒரு ராத்திரி, 14 கிலோமீட்டர், ஓயாத கத்திகள்

அண்ணாமலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கைந்து மணி நேரம் ஆகும். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் என எட்டு லிங்கங்களையும் தரிசித்தபடி மக்கள் நடப்பார்கள். பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கில் கூட்டம். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம்.

நடப்பவர்களுக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும். அதனால் பாதை நெடுக வெட்டு வேலைதான். இளநீர்க்காரர் அரிவாளால் மூன்று போடு போட்டு காயைத் திறக்கிறார். தள்ளுவண்டியில் அன்னாசியின் கண்களை நோண்டி எடுத்துக் கொண்டிருக்கிறார் ஒருவர். வெள்ளரிப் பிஞ்சைத் தோல் சீவி, நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுக்கிறார் இன்னொருவர். கொய்யா, மாங்காய், தர்பூசணி எல்லாம் துண்டு துண்டாக அடுக்கியிருக்கும். கொஞ்சம் தள்ளி அன்னதானப் பந்தலில் பூசணிக்காயும் கத்திரிக்காயும் மூட்டை மூட்டையாகக் காத்திருக்கும்.

வீட்டில் நாம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் கத்தியைப் பிடிப்போம். இவர்கள் சாயங்காலம் தொடங்கி விடியும் வரை பிடிக்கிறார்கள். நம் வீட்டில் ஒரு கத்தி மூன்று மாதத்தில் பார்க்கும் வேலையை இங்கே இரண்டு பௌர்ணமியிலேயே பார்த்துவிடும். ஒரு கத்தி நல்லதா என்று விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட இவர்களிடம் கேட்பது மேல்.

"பன்னண்டு மணிக்கு மேல வழுக்குது!"

குபேர லிங்கத்துக்குப் போகும் வழியில் மாங்காயும் கொய்யாவும் விற்கும் ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். இடது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா கையில?"

"கத்திதான் பாப்பா. போன பௌர்ணமிக்கு வாங்குனது, அறுவது ரூபா. ராத்திரி எட்டு மணிக்கு நல்லாத்தான் வெட்டுது. பன்னண்டு மணிக்கு மேல மாங்கா மேல வழுக்குது. அழுத்தி வெட்டுறேன், நழுவி விரல்ல பட்டுடுது."

"சாணை பிடிக்கலாமே?"

"அறுவது ரூபா கத்திக்கு இருவது ரூபா குடுத்து சாணை புடிக்கறதா? ரெண்டு பௌர்ணமிக்கு ஒண்ணு மாத்திடுவேன். டவுன்ல ஒரு கத்தி காட்டுனாங்க, வெளிநாட்டுது. நானூத்தி அம்பது சொல்றாங்க. அது தாங்குமா? நீதான் படிச்ச பொண்ணாச்சே, சொல்லேன்."

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. விரல் வெட்டுப்பட்டால் அந்த ராத்திரி வியாபாரம் போச்சு. உப்பும் மிளகாய்த் தூளும் புழங்கும் தொழில், காயத்தோடு செய்ய முடியாது. மாதத்தில் அவருக்கு நன்றாக ஓடும் நாளே அந்த ஒன்றிரண்டு ராத்திரிதான். அந்த 450 ரூபாய்க் கத்தி தகுமா என்று விசாரிக்கக் கிளம்பினேன்.

பிராண்டின் பெயர் எதைச் சொல்கிறது?

முதலில் அந்த வெளிநாட்டுக் கத்தியைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் ஈபாக் கிராமத்தில் 1884-ல் கார்ல் எல்சனர் என்பவர் தொடங்கிய கத்திப் பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். 1891-ல் அந்த நாட்டு ராணுவத்துக்கு மடக்குக் கத்தி செய்து கொடுத்தார். அவருடைய அம்மாவின் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள 'இனாக்ஸ்' என்ற சொல்லையும் அம்மாவின் பெயரையும் சேர்த்து 1921-ல் இந்தப் பெயர் வந்தது.

இவர்களுடைய சமையலறைக் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் சுமார் 56. ஜப்பானின் விலை உயர்ந்த கத்திகள் பலவற்றில் இது 60-ஐத் தாண்டும். அப்படியென்றால் ஜப்பான் கத்திதான் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். கடினம் கூடக்கூட கூர்மை அதிக நாள் நிற்கும், உண்மைதான். ஆனால், அவ்வளவு கடினமான எஃகு சீக்கிரம் சில்லு பெயரும். சாணை பிடிப்பதும் சிரமம். முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, மீன் முள், அவசரத்துக்குத் தேங்காய் என்று எல்லாவற்றிலும் ஒரே கத்தியைப் போடும் நம் சமையலறைக்குக் கொஞ்சம் மெத்தனமான எஃகே நல்லது. மழுங்கினாலும் கல்லில் நான்கு முறை இழுத்தால் திரும்ப வந்துவிடும்.

அந்தக் கம்பெனியின் சின்னக் கத்தியில் பிளாஸ்டிக் பிடிதான். பார்க்க ஆடம்பரமாக இருக்காது. காசு எஃகுக்கும் அதற்குக் கொடுத்த பதத்துக்கும் போயிருக்கிறது. பிராண்டு கத்தி வாங்கும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான். மரப்பெட்டி, மினுமினுக்கும் பிடி, அலகில் அலை அலையான கோலம் என்று காசு அலங்காரத்துக்குப் போயிருந்தால், அலகுக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?

அந்த அலைக் கோலத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அது இந்த ஊருக்குப் பக்கத்தில் தொடங்குகிறது.

மலைக்குப் பக்கத்தில் உருக்கிய எஃகு

திருவண்ணாமலையில் இருந்து செங்கம் பக்கம் போனால் கவுத்திமலை, வேடியப்பன்மலை என்று மலைகள் உண்டு. இந்த மலைகளில் இரும்புத் தாது இருக்கிறது. அதை வெட்டி எடுக்கத் திட்டம் வந்தபோது, காடும் தண்ணீரும் போய்விடும் என்று சுற்றுவட்டாரக் கிராம மக்கள் எதிர்த்தார்கள்.

திருவண்ணாமலைக்குத் தெற்கே, பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் மேல்சிறுவள்ளூர். அங்கே பழங்காலத்தில் எஃகு உருக்கிய இடம் ஒன்றை உலோக ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் கண்டறிந்து, 1994-ல் கட்டுரையாக வெளியிட்டார். களிமண் குவளைக்குள் இரும்பைப் போட்டு, கரி தரும் பொருள்களைச் சேர்த்து, வாயை அடைத்து, பெரும் சூட்டில் உருக்குவார்கள். கார்பன் நிறைந்த எஃகு கிடைக்கும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வும் தமிழகத்தின் இரும்பு, எஃகுத் தொழிலுக்குச் சான்று தந்திருக்கிறது.

இந்த எஃகுக்கு வெளிநாட்டார் வைத்த பெயர் 'ஊட்ஸ்'. நம் 'உருக்கு', கன்னடத்தின் 'உக்கு' போன்ற சொற்களில் இருந்து வந்த பெயர் என்பார்கள். அலை அலையான கோலத்துக்குப் பேர்போன டமாஸ்கஸ் வாள்கள் தென்னிந்தியாவில் இருந்து போன இந்த மாதிரி எஃகில் செய்தவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்தக் கோலம் எஃகுக்குள் தானாகவே உருவானது. இன்று சில மலிவுக் கத்திகளில் நாம் பார்ப்பது மேலே லேசரால் வரைந்த படம். நாலு மாதம் தேய்த்துக் கழுவினால் மங்கிவிடும்.

1790-களில் ஊட்ஸ் எஃகு லண்டனுக்குப் போனது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கடைக்காரர் அதில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்து பார்த்து, தன் கடையின் விளம்பர அட்டையிலேயே அதைப் பாராட்டிப் போட்டார். மின்சார ஆராய்ச்சிக்காக நாம் பாடப் புத்தகத்தில் படித்த மைக்கேல் ஃபாரடே 1819-ல் இந்த எஃகை ஆராய்ந்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். எஃகு இந்தப் பக்கத்துக் கொல்லர்களுடையது, பெயர் லண்டன் கடைக்காரருடையது. உருக்கியவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. பிராண்டு என்பது அன்றைக்கே இப்படித்தான் வேலை பார்த்திருக்கிறது!

பெயரைத் திருடுவதும் பழைய விஷயம்தான். 19-ம் நூற்றாண்டில் கத்திக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் செய்த கத்திகளில்கூட ஷெஃபீல்டு முத்திரை குத்தி விற்றதாகப் புகார் எழுந்தது. வெளிநாட்டுப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1887-ல் பிரிட்டன் சட்டம் போட்டது. 'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரை அப்படித்தான் வந்தது. பிறகு சோலிங்கன் கத்திகளே உலகப் புகழ் பெற்று, அந்த ஊர்ப் பெயரைக் காப்பாற்ற 1938-ல் தனிச் சட்டம் வந்தது தனிக்கதை.

ஆகவே, அலகில் 'ஜப்பான்', 'ஜெர்மன்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பதும் இருக்க வேண்டும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற வார்த்தையும் அப்படித்தான், அது குறிப்பிட்ட ஒரே எஃகு ரகத்தின் பெயர் கிடையாது.

"பேரைப் பாக்காதீங்க, வாயைப் பாருங்க"

செங்கம் சாலையில் இருந்து பிரியும் ஒரு தெருவில் கொல்லுப்பட்டறை ஒன்று இருக்கிறது. துருத்தி ஊதும் வேலையை இப்போது ஒரு சின்ன மோட்டார் பார்க்கிறது. மற்றபடி உலை, சம்மட்டி, பட்டறைக் கல் எல்லாம் பழையபடிதான். வாசலில் களைக்கொத்து, கதிர் அரிவாள், இளநீர் அரிவாள், அரிவாள்மனை அலகுகள்.

பட்டறை வைத்திருக்கும் பெரியவர் சாம்பல் படிந்த ஒரு இரும்புப் பட்டையை எடுத்துக் காட்டினார். "இது லாரி ஸ்பிரிங் பட்டை. இதுலதான் கத்தி அடிப்போம். சாதா இரும்பைக் காய்ச்சித் தண்ணியில முக்குனா ஒண்ணும் ஆவாது. இதை முக்குனா கெட்டியாயிடும்."

அவர் சொல்வதற்குக் காரணம் கார்பன். ஜன்னல் கம்பி போன்ற சாதாரண இரும்பில் கார்பன் மிகக் குறைவு. அதனால் பதம் ஏறாது. லாரி ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 சதவிகிதம் கார்பன் இருக்கும். பழுக்கக் காய்ச்சி முக்கினால் கடினமாகும். பிறகு லேசாகச் சூடு காட்டினால் உடையாத பக்குவம் வரும். தென்மாவட்டங்களில் புகழ்பெற்ற திருப்பாச்சேத்தி அரிவாளும் கொல்லரின் இந்தக் கைப்பக்குவத்தால் பேர் வாங்கியதுதான்.

"பிராண்டு கத்தி எப்படிங்க ஐயா?" என்றேன்.

"நல்லதும் இருக்கு, மோசமும் இருக்கு. பேரைப் பாக்காதீங்க, கத்தியோட வாயைப் பாருங்க. வெளிச்சத்துல புடிச்சா வாய் மேல வெள்ளைக் கோடு தெரியக் கூடாது. தெரிஞ்சா அது மழுங்கல். அலகு கோணாம இருக்கணும். பிடியில ஆட்டம் இருக்கக் கூடாது."

அவரிடம் கத்தி 250 ரூபாய். ஐந்து வருடம் தாராளமாக உழைக்கும் என்றார். ஆனால், ஒரு குறையையும் அவரே சொன்னார். "இது துருப்பிடிக்கும். மாங்கா, எலுமிச்சை வெட்டுனா கறுக்கும். பழக்கடைக்கு ஆகாது. தேங்கா, கரும்பு, கறிக்கு எடுத்துட்டுப் போங்க."

துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் அதில் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் இருக்க வேண்டும். புளிப்பான பழம் நறுக்குபவர்களுக்கு அதுதான் சரி. அதிலும் ஒரு விஷயம் உண்டு. டம்ளர், தட்டு செய்யும் எவர்சில்வரும் கத்தி செய்யும் எவர்சில்வரும் ஒன்றல்ல. பாத்திர எவர்சில்வரில் பெரும்பாலான நல்ல ரகங்களில் காந்தம் ஒட்டாது. அதைக் காய்ச்சி முக்கினாலும் கடினமாகாது. கத்திக்கான எவர்சில்வரில் காந்தம் ஒட்டும். கடையில் ஒரு சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அந்த அலகு கூர்மையைப் பிடித்து வைக்காது. ஒட்டிவிட்டால் மட்டும் நல்ல கத்தி என்று அர்த்தமில்லை, முதல் பரீட்சையில் பாஸ், அவ்வளவுதான்.

கத்தியைக் கெடுப்பது யார்?

அன்னதானப் பந்தலில் காய் நறுக்கும் பெண்கள் கத்தியைத் தொடுவதே குறைவு. ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து, காலால் அரிவாள்மனையை மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பூசணிக்காயைத் தள்ளுகிறார்கள். "கத்தின்னா ஒரு கைதான் காயைப் புடிக்கும். மனைன்னா ரெண்டு கையும் புடிக்கும், நழுவாது" என்றார் அதில் மூத்தவரான ஓர் ஆயா. இன்னொரு விஷயத்தையும் அவர் கவனிக்க வைத்தார். மனையில் அலகு காயைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அதனால் ஒருமுறை தீட்டினால் நிறைய நாள் தாங்குகிறது.

அதைக் கேட்டதும் மாங்காய்க்கார அக்காவின் வண்டி ஞாபகம் வந்தது. அவர் மாங்காயை வைத்து வெட்டுவது எவர்சில்வர் தட்டின் மேல்! ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியின் வாய் தட்டில் இடிக்கிறது. ராத்திரி முழுக்க ஆயிரம் முறை இடித்தால் சுவிஸ் கத்தியும் மழுங்கத்தான் செய்யும். சமையல் மேடையின் கிரானைட்டில், கண்ணாடிப் பலகையில் நறுக்குகிற வீடுகளிலும் இதே கதைதான். மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ போட்டுக்கொண்டால் கத்தியின் ஆயுள் கூடும்.

இப்போது கணக்குப் போடுவோம்

அக்கா சொன்ன செலவையும், கடைக்காரரும் பட்டறைக்காரரும் சொன்ன ஆயுளையும் வைத்து வருடக் கணக்கு போட்டேன். தோராயக் கணக்குதான். ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறும்.

* 60 ரூபாய்க் கத்தி, இரண்டு பௌர்ணமிக்கு ஒன்று: வருடத்துக்கு 6 கத்தி, 360 ரூபாய்.
* 450 ரூபாய்க் கத்தி, 3 வருடம் உழைத்தால்: வருடத்துக்கு 150 ரூபாய். மாதம் ஒருமுறை 20 ரூபாய்க்குச் சாணை என்றால் 240. மொத்தம் 390 ரூபாய்.
* பட்டறைக் கத்தி 250 ரூபாய், 5 வருடம்: வருடத்துக்கு 50 ரூபாய். சாணை 240. மொத்தம் 290 ரூபாய். ஆனால், மாங்காய் கறுக்கும்.

பார்த்தீர்களா? சாணைக்குக் காசு கொடுத்தால் பிராண்டு கத்தி அக்காவுக்கு நஷ்டம். இப்போது சாணைக்காரருக்குப் பதில், 150 ரூபாய்க்கு ஒரு தீட்டுகல் வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று வைப்போம். கல் 3 வருடம் வந்தால் வருடத்துக்கு 50 ரூபாய்.

* 450 ரூபாய்க் கத்தியும் கல்லும்: வருடத்துக்கு 200 ரூபாய்.
* பட்டறைக் கத்தியும் கல்லும்: வருடத்துக்கு 100 ரூபாய்.
* 60 ரூபாய்க் கத்தியின் ஆயுள் கல்லால் இரட்டிப்பானால்: 3 கத்திக்கு 180, கல்லுக்கு 50. மொத்தம் 230 ரூபாய்.

கல் கைக்கு வந்ததும் மூன்றுமே இப்போதைய 360 ரூபாயைவிடக் குறைந்துவிடுகிறது. மலிவுக் கத்திக்கும் பிராண்டு கத்திக்கும் வருடத்துக்கு 30 ரூபாய்தான் வித்தியாசம். காசைவிட முக்கியமானது, நடுராத்திரியில் எது வழுக்காமல் வெட்டும் என்பது. அதில் பதம் சரியாக ஏறிய கத்திதான் ஜெயிக்கும். மழுங்கிய கத்திக்குத்தான் அழுத்தம் அதிகம் தேவை. அழுத்தும்போதுதான் கை நழுவும்.

அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ மொதல்ல கல்லும் பலகையும் வாங்கிடறேன். இந்தக் கத்தியே எவ்ளோ தாங்குதுன்னு பாக்கறேன். தாங்கலைன்னா தீபத்துக்கு முன்னாடி அந்த நானூத்தி அம்பதை வாங்கிடுவேன்" என்றார். என் கணக்கைவிட அவர் கணக்கு கெட்டி. 450 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைப்பது, வருடத்தில் 360 ரூபாயைப் பிரித்துக் கொடுப்பதைவிட அவருக்குக் கஷ்டம் என்பதை என் கணக்கு சொல்லவில்லையே!

வீட்டுச் சமையலுக்கு விடை இன்னும் சுலபம். தினமும் கால் மணி நேரம்தான் வேலை என்பதால் நல்ல சின்னக் கத்தி ஒன்று பல வருடம் வரும். சுவிஸ் கத்திதான் வேண்டும் என்றில்லை. முகவரியோடு விற்கும் நடுத்தர விலை இந்தியக் கத்தியிலும் காந்தம், வாய், பிடி மூன்றும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆறு கத்தி கொண்ட மரப்பெட்டி செட் தேவையே இல்லை. காய்க்கு ஒன்று, தேங்காய், கறிக்குப் பட்டறைக் கத்தி ஒன்று. போதும்.

தீட்டுவது எப்படி?

கல்லை நனைத்து, ஈரத் துணி மேல் நகராமல் வையுங்கள். கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாகப் பிடித்தால் 90 டிகிரி. அதில் பாதி சாய்த்தால் 45. அதிலும் பாதி சாய்த்தால் 22 டிகிரிக்கு வரும். இன்னும் துளி சாய்த்தால் 15 முதல் 20 டிகிரிக்குள் வந்துவிடும், அதுதான் சமையல் கத்திக்கு ஏற்ற சாய்வு. சாய்வு மாறாமல் இரண்டு பக்கமும் சமமாகத் தேயுங்கள். முதலில் சொரசொரப்பான பக்கம், பிறகு வழவழப்பான பக்கம். கல் இல்லாத நேரத்தில் பீங்கான் கப்பின் அடியில் பளபளப்பு பூசாத வளையம் இருக்குமே, அதில் நான்கு இழுப்பு இழுத்தாலும் சமாளிக்கலாம். தக்காளியின் தோல் அழுத்தாமலே அறுபட்டால் கத்தி தயார்.

சாணைக்காரரிடம் கொடுத்தால் அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் சூடேறி கத்தியின் வாய் நீலமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்கு...

* சென்னைக் கடற்கரையில் இருந்து திருவண்ணாமலைக்கு வேலூர் கண்டோன்மென்ட் வழியாக நேரடி ரயில் 2024 மே மாதத்தில் இருந்து ஓடுகிறது. பேருந்துகளும் நிறைய உண்டு.
* கடை வீதியில் நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் பௌர்ணமி, தீப நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.
* தரிசனம் முடித்துவிட்டு கத்தி வாங்குங்கள். பையில் கத்தியோடு கோயில் வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.
* சாவிக்கொத்தில் ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்கள். பாக்கெட்டில் முகவரி, எம்.ஆர்.பி. பாருங்கள். பில் கேளுங்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
* கத்தியின் முனையில் அட்டை மடித்துச் செருகி, செய்தித்தாள் சுற்றி வையுங்கள். விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் கைப்பையில் வைக்கக் கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.
* பட்டறைக் கத்தி வாங்கினால் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். துரு அண்டாது.

கத்தி வாங்கும் கடையிலேயே தீட்டுகல்லும் கேளுங்கள். பெரும்பாலும் அலமாரியின் அடித்தட்டில், தூசி படிந்து கிடக்கும். யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரர் சொல்வார். துடைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.